கான்ஃபிக் ஃபைலை அஞ்சடியில் வைக்காதீர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில் சிலாங்கூரில் இருக்கிற எங்கள் ஊர்ப் பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று இருக்கும், பேச்சில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். நான் இங்கே ஒட்டுக்கடைக்கு மேல் மாடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறேன், கேட்பவர்களுக்கு அகப்பக்கமும் செய்து தருகிறேன். தோட்டத்துக் கோயில், தமிழ்ப்பள்ளி பெற்றோர் ஆசிரியர் சங்கம், கல்யாணச் சமையல்காரர், வாடகை வேன் வைத்திருப்பவர் என்று வருகிற ஆட்கள்தான் வேறு வேறு, வாட்ஸ்அப்பில் கேட்கிற கேள்வி ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் குரல் பதிவு அனுப்பி அலுத்துப்போனதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

கான்ஃபிக் ஃபைல் என்றால் என்ன? அதில் அப்படி என்ன ரகசியம்?

உங்கள் அகப்பக்கம் டேட்டாபேஸோடு பேச ஒரு பெயரும் பாஸ்வேர்டும் வேண்டும். மின்னஞ்சல் அனுப்ப இன்னொரு பாஸ்வேர்ட். ஆன்லைனில் பணம் வாங்கினால் அந்தக் கட்டண நிறுவனம் கொடுத்த ரகசியச் சாவி. இதையெல்லாம் எழுதி வைக்கிற ஃபைல்தான் கான்ஃபிக். வேர்ட்பிரஸில் அதன் பெயர் டபிள்யூபி-கான்ஃபிக், லாராவெல் என்ற நிரல் சட்டகத்தில் புள்ளியில் தொடங்குகிற என்வ் ஃபைல், சொந்தமாக எழுதியதில் டிபி என்றோ கனெக்ட் என்றோ ஏதாவது ஒரு பெயர். முழு அகப்பக்கத்தில் திருடத் தகுந்தது என்று பார்த்தால் இந்த இருபது முப்பது வரிகள்தான். மற்றதெல்லாம் படமும் அறிவிப்பும், அவற்றை எப்படியும் எல்லாரும் பார்க்கத்தான் போட்டிருக்கிறோம்.

பப்ளிக் ஃபோல்டர் எது?

சிபேனல் (ஹோஸ்டிங்கை நிர்வகிக்கிற திரை) உள்ள ஹோஸ்டிங்கில் பப்ளிக் எச்டிஎம்எல் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். பிளெஸ்க் என்றால் எச்டிடிபி டாக்ஸ். வீட்டுக் கம்ப்யூட்டரில் ஸாம்ப் போட்டுப் பழகியிருந்தால் எச்டி டாக்ஸ். பிரவுசரில் உங்கள் முகவரியைத் தட்டுகிறவருக்கு சர்வர் எடுத்துக் கொடுப்பது அதற்குள் இருப்பதை மட்டும்தான்.

கடை வரிசைக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதை, அஞ்சடி, இருக்கிறதே, அதுதான் பப்ளிக் ஃபோல்டர். யாரும் நடக்கலாம், மழைக்கு ஒதுங்கலாம், மேசை போட்டுப் பொருள் பரப்பலாம். கல்லாப்பெட்டியை மட்டும் அங்கே வைக்க மாட்டோம். பூட்டி வைத்தால்கூட வைக்க மாட்டோம், ஏனென்றால் பூட்டைச் சாவகாசமாக உட்கார்ந்து திறக்கலாம், பெட்டியையே தூக்கிக்கொண்டும் போகலாம். கல்லா கடைக்கு உள்ளே இருக்கும், கடைக்காரர் எழுந்து போய்ச் சில்லறை எடுத்து வருவார். கான்ஃபிக் ஃபைலுக்கும் இதே ஏற்பாடுதான். அகப்பக்கத்தின் நிரல் உள்ளே போய்ப் படிக்கும், வெளியிலிருந்து வருகிறவருக்கு அந்த இடத்துக்குப் போக ஒரு முகவரியே கிடையாது.

என் கான்ஃபிக் பிஎச்பி ஃபைல்தானே? பிரவுசரில் திறந்தால் வெள்ளைப் பக்கம்தான் வருகிறது. அப்புறம் என்ன பயம்?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான், கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. பிஎச்பி என்பது சர்வரில் ஓடுகிற நிரல் மொழி. அதில் எழுதிய ஃபைலை சர்வர் அப்படியே தூக்கிக் கொடுக்காது, இயக்கிப் பார்த்துவிட்டு வருகிற விடையைத்தான் கொடுக்கும். கான்ஃபிக் ஃபைல் எதையும் அச்சிடாததால் திரை வெள்ளையாக இருக்கும்.

ஆனால் அந்த வெள்ளைப் பக்கம் பிஎச்பி ஓடுகிற வரைக்கும்தான். சிபேனலில் பிஎச்பி பதிப்பை மாற்றும்போது பழைய எச்டிஅக்சஸில் (ஒரு ஃபோல்டருக்கான விதிகளை சர்வருக்குச் சொல்கிற ஃபைல்) பழைய பதிப்பைக் குறிக்கிற வரி ஒன்று தங்கிவிட்டால் போதும், சில நேரம் சர்வர் குழம்பி, பிஎச்பி ஃபைலை இயக்காமல் டவுன்லோடாகக் கொடுத்துவிடும். பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது: 2007 ஆகஸ்டில் ஒரு சர்வர் அமைப்புத் தவறால் ஃபேஸ்புக் முகப்புப் பக்கத்தின் பிஎச்பி நிரலே சிலருடைய பிரவுசரில் எழுத்தாக வந்து நின்றது. கல்லா உள்ளே இருந்தால் இப்படி ஒரு நாள் வந்தாலும் போவது வெறும் நிரல்தான், பாஸ்வேர்ட் போகாது.

இன்னொரு வழியும் உண்டு, அது நானே மாட்டிக்கொண்ட வழி. சில வருடங்களுக்கு முன் ஒரு தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது மின்னஞ்சல் அமைப்பை மாற்ற வேண்டியிருந்தது. தப்பாகிவிட்டால் திருப்பிப் போடலாமே என்று கான்ஃபிக் ஃபைலைப் பிரதி எடுத்து, பெயருக்குப் பின்னால் ஓல்ட் என்று சேர்த்து, அதே ஃபோல்டரில் விட்டுவிட்டேன். கடைசி எழுத்து பிஎச்பி இல்லை என்றால் பெரும்பாலான சர்வர்களுக்கு அது சாதாரண எழுத்து ஃபைல், யார் கேட்டாலும் கொடுக்கும். கேட்டார்கள். கோயிலின் மின்னஞ்சலிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாகக் குப்பைக் கடிதங்கள் போயின, ஹோஸ்டிங்காரர்கள் கணக்கை நிறுத்திவிட்டார்கள். காலை ஆறரைக்குத் தலைவர் போன்: "தம்பி, அன்னதானத்துக்குப் பேர் பதியப் போனா ஏதோ சஸ்பெண்டட்னு வருதே, என்னான்னு பாருங்க." முகவரிக்குப் பின்னால் அந்தப் பெயரைத் தட்டிப் பார்த்தேன். வெள்ளைத் திரையில் கறுப்பு எழுத்தில், பன்னிரண்டாவது வரியில், அம்மன் பெயரோடு 123 சேர்த்து நான் வைத்த பாஸ்வேர்ட். அதைப் பார்த்த நிமிடம் இன்னும் வயிற்றில் இருக்கிறது. தலைவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். திட்டவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஓல்ட், பேக், காப்பி, பெயருக்குப் பின்னால் ஒரு அலைக்குறி, விம் எடிட்டர் விட்டுப்போகிற ஸ்வாப் ஃபைல், "பேக்கப்" என்று பெயர் வைத்த ஸிப், எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும்.

நம்ம தோட்டத்துக் கோயில் பக்கத்தை யார் தேடி வரப் போகிறார்கள்?

உங்களைத் தேடி யாரும் வருவதில்லை, தெருவில் உள்ள எல்லாக் கதவையும் தள்ளிப் பார்த்துக்கொண்டே போகிறார்கள். தள்ளுவது மனிதன் இல்லை, நிரல். எச்டிடிபிஎஸ் சான்றிதழ் வாங்கும்போதே உங்கள் டொமைன் பெயர் பொதுப் பதிவேட்டில் ஏறிவிடுகிறது, அதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அதனால் அகப்பக்கம் திறந்த செய்தி ஊர்க்காரர்களுக்குப் போகும் முன்பே இந்த நிரல்களுக்குப் போய்விடும்.

நம்பாவிட்டால் சிபேனலில் ரா அக்சஸ் என்ற இடத்தில் பதிவை இறக்கிப் பாருங்கள். அதிகாலை மூன்று மணிக்கு ஒரே முகவரியிலிருந்து நொடிக்கொன்றாக வரிசை ஓடும்: என்வ், என்வ் பேக், கான்ஃபிக் ஓல்ட், பேக்கப் ஸிப், கிட் ஃபோல்டர் (நிரலின் பழைய பதிப்புகளைச் சேர்த்து வைக்கிற ஃபோல்டர்). அது வீட்டுப்பாடம் செய்துவிட்டுத்தான் வந்திருக்கிறது.

2024 ஆகஸ்டில் பாலோ ஆல்டோ என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தின் யூனிட் 42 ஆய்வுக்குழு ஒரு மிரட்டல் கும்பலைப் பற்றி எழுதியது. 1,10,000 டொமைன்களைக் குறிவைத்து, வெளியே கிடந்த என்வ் ஃபைல்களிலிருந்து 90,000-க்கும் மேற்பட்ட தனித்தனி அமைப்பு மதிப்புகளைச் சேர்த்திருந்தார்கள், அதில் கிளவுட் கணக்குகளின் சாவிகளும் இருந்தன. எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை, வெளியே இருந்ததை எடுத்துக்கொண்டார்கள்.

சரி, எங்கே வைப்பது? எப்படி?

சிபேனல் ஃபைல் மேனேஜரைத் திறந்தால் இடது பக்கம் மேலே ஒரு வீட்டுப் படமும் உங்கள் கணக்குப் பெயரும் இருக்கும். அதுதான் வீடு. பப்ளிக் எச்டிஎம்எல் அதற்குள் ஓர் அறை மட்டும். வீட்டில் நின்று, அந்த அறைக்குள் போகாமல், அதற்குப் பக்கத்திலேயே புது ஃபோல்டர் ஒன்று செய்யுங்கள். நான் "தனி" என்று ஆங்கில எழுத்தில் பெயர் வைப்பேன். உங்களுக்குப் பிடித்த பெயரை வையுங்கள்.

கான்ஃபிக் ஃபைலை அதற்குள் நகர்த்துங்கள். பிரதி எடுக்கும் பொத்தானை அழுத்திவிடாதீர்கள், பழையது அஞ்சடியிலேயே கிடக்கும். அப்புறம் அகப்பக்க நிரலில் அந்த ஃபைலை அழைக்கிற ரெக்வையர் வரியை மாற்ற வேண்டும். இங்கேதான் பலர் சிக்குவார்கள். வெறும் இரண்டு புள்ளி போட்டு "ஒரு படி மேலே" என்று எழுதினால், எந்த ஃபைல் எதை அழைக்கிறது என்பதைப் பொறுத்துப் பாதை மாறிவிடும், முகப்புப் பக்கம் வேலை செய்யும், அட்மின் பக்கம் செய்யாது. அதற்குத்தான் பிஎச்பி 5.3 காலத்திலிருந்தே டிர் என்ற மாறிலி இருக்கிறது, இரு பக்கமும் இரண்டிரண்டு அடிக்கோடு போட்டு எழுதுவது. இந்த ஃபைல் இருக்கிற ஃபோல்டர் எது என்று அது சொல்லும். அதிலிருந்து தொடங்கி, ஒரு படி மேலே போய், தனி ஃபோல்டருக்குள் நுழை என்று எழுதினால் யார் அழைத்தாலும் பாதை ஒன்றுதான்.

சேமித்த பிறகு "ஓப்பன் பேஸ்டிர்" என்று தொடங்குகிற பிழை வந்தால் உங்கள் மேல் தப்பில்லை. குறிப்பிட்ட ஃபோல்டர்களுக்கு வெளியே பிஎச்பி படிக்கக் கூடாது என்று ஹோஸ்டிங்காரர்கள் வேலி போட்டிருக்கிறார்கள். அந்தத் தனி ஃபோல்டரையும் அனுமதிப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி டிக்கெட் போடுங்கள்.

வேர்ட்பிரஸில் ஃபைலை நகர்த்தினால் பக்கம் உடையாதா?

உடையாது. டபிள்யூபி-கான்ஃபிக் தன் இடத்தில் இல்லை என்றால் வேர்ட்பிரஸ் தானாகவே ஒரு படி மேலே தேடும். 2008-இல் வந்த 2.6 பதிப்பிலிருந்தே இந்த வசதி இருக்கிறது, எந்த வரியையும் மாற்ற வேண்டாம். மேலே உள்ள அந்த ஃபோல்டரில் இன்னொரு வேர்ட்பிரஸின் டபிள்யூபி-செட்டிங்ஸ் இருக்கக் கூடாது என்பது மட்டும்தான் நிபந்தனை.

ஆனால் ஒரு பொறி இருக்கிறது. ஒரே ஹோஸ்டிங்கில் இரண்டாவது டொமைன் சேர்த்தவர்களுக்குப் பல இடங்களில் அதன் ஃபோல்டர் முதல் டொமைனின் பப்ளிக் எச்டிஎம்எல்லுக்கு உள்ளேயே உட்கார்ந்திருக்கும். செலவு மிச்சம் என்று கோயிலும் பள்ளியும் ஒரே கணக்கில் இருக்கிற நம்ம ஊர்ப் பாணிக்கு இது சகஜம். அங்கே ஒரு படி மேலே நகர்த்தினால் பள்ளியின் கான்ஃபிக் கோயிலின் அஞ்சடிக்கு வந்து சேரும், அவ்வளவுதான். வேர்ட்பிரஸை பிளாக் என்று ஒரு உள்ஃபோல்டரில் நிறுவியவர்களுக்கும் இதே கதை.

அப்படிப்பட்டவர்கள் டபிள்யூபி-கான்ஃபிக்கை இருக்கிற இடத்திலேயே விட்டுவிட்டு, அதில் உள்ள டேட்டாபேஸ் வரிகளையும் சால்ட் வரிகளையும் (லாகினைக் காக்கிற ரகசிய எழுத்துச் சரங்கள்) மட்டும் வெட்டி வெளியே ஒரு ஃபைலில் வைத்து, அதை ரெக்வையர் செய்துகொள்ளுங்கள். முழு ஃபைலையும் அப்படித் தூக்கிவிடாதீர்கள். வேர்ட்பிரஸ் எங்கே இருக்கிறது என்று கணக்குப் போடுகிற வரி அதன் அடியில் இருக்கிறது, சில நேரம் அது தன் புது இடத்தை வைத்துத் தப்பாகக் கணக்குப் போடலாம்.

லாராவெல்?

லாராவெல் செய்தவர்கள் இதை யோசித்துத்தான் கட்டியிருக்கிறார்கள், பப்ளிக் என்று தனி ஃபோல்டர், மற்றதெல்லாம் அதற்கு வெளியே. கெடுப்பது நாம்தான். மொத்தத்தையும் பப்ளிக் எச்டிஎம்எல்லுக்குள் கொட்டிவிட்டு, முகவரியில் "பப்ளிக்" என்று வருகிறதே அசிங்கமாக இருக்கிறதே என்று எச்டிஅக்சஸில் ஒரு திருப்பம் போடுவோம். என்வ் ஃபைல் அஞ்சடியில் நிற்கும். அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருள் தன் வழக்கமான அமைப்பில் எச்டி என்று தொடங்குகிற புள்ளி ஃபைல்களை மட்டும்தான் மறைக்கும், என்வ் அதில் சேராது.

புராஜெக்டை வீட்டில் வையுங்கள். சிபேனலில் அந்த டொமைனின் டாக்குமெண்ட் ரூட்டை புராஜெக்டின் பப்ளிக் ஃபோல்டருக்குத் திருப்புங்கள். முதன்மை டொமைனுக்கு அதை மாற்ற விடவில்லை என்றால், பப்ளிக்கில் உள்ளவற்றை மட்டும் பப்ளிக் எச்டிஎம்எல்லில் போட்டு, இண்டெக்ஸ் ஃபைலில் மேல் ஃபோல்டரைக் காட்டுகிற பாதைகளை மாற்றுங்கள். என்வ் ஃபைலில், பிழை விவரங்களைத் திரையில் காட்டுகிற டீபக்கை ஃபால்ஸ் என்று வைக்க மறக்காதீர்கள்.

எச்டிஅக்சஸில் தடுத்தால் போதாதா?

தடுக்கலாம், அப்பாச்சியும் லைட்ஸ்பீடும் கேட்கும். என்ஜின்எக்ஸ் என்ற இன்னொரு சர்வர் மென்பொருள் அந்த ஃபைலைப் படிப்பதே இல்லை. மலிவாக இருக்கிறது என்று ஹோஸ்டிங் மாற்றினால் நீங்கள் போட்ட பூட்டு பழைய வீட்டிலேயே தங்கிவிடும், உங்களுக்குத் தெரியவும் தெரியாது. அதுவும் இருக்கட்டும், இதுவும் இருக்கட்டும் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. அதை மட்டும் நம்பாதீர்கள்.

யாருக்கும் தெரியாத பெயர் வைத்துவிட்டால்?

2007-இல் எங்கள் ஊர்ப் பெயரை மாற்றினார்கள். யாராவது வழி தவறிப் போனார்களா? பெயர் வெளியே தெரியப் பல வழி உண்டு: பிழைச் செய்தி, பேக்கப் பட்டியல், ஃபோல்டரின் உள்ளடக்கத்தைப் பட்டியலிடுகிற சர்வர் பக்கம். அதைவிட மோசம், கூகுள் பார்க்கக் கூடாது என்று ரோபாட்ஸ் ஃபைலில் அந்தப் பாதையை எழுதி வைப்பது. அந்த ஃபைலை எல்லாரும் படிக்கலாம். "இந்தப் பானைக்குள் நகை இல்லை" என்று பானைமேல் சீட்டு ஒட்டுகிற வேலை அது.

பெர்மிஷன் எண் எவ்வளவு?

ஃபைலை யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்று குறிக்கிற எண் அது. 600 வையுங்கள், உங்கள் கணக்கு மட்டும் படிக்கும், எழுதும். பெரும்பாலான சிபேனல் ஹோஸ்டிங்கில் பிஎச்பி உங்கள் கணக்கின் பெயரிலேயே ஓடுவதால் இது போதும். வேலை செய்யவில்லை என்றால் 640. "777 வை, ஒன்னும் ஆகாதுலா" என்று யாராவது சொன்னால் அவரை உங்கள் சர்வர் பக்கம் விடாதீர்கள். 777 என்றால் சர்வரில் உள்ள யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம்.

சரியாக வைத்திருக்கிறேனா என்று எப்படிப் பார்ப்பது?

கைப்பேசியில் வைஃபையை நிறுத்திவிட்டு, பிரவுசரை மறைமுக நிலையில் திறந்து, உங்கள் முகவரிக்குப் பின்னால் சாய்கோடு போட்டு ஃபைல் பெயரைத் தட்டுங்கள். 404 வந்தால் நல்லது, சர்வர் "அப்படி ஒன்று என்னிடம் இல்லை" என்கிறது. 403 வந்தால் ஃபைல் பெரும்பாலும் அங்கேயேதான் இருக்கிறது, பூட்டு மட்டும் தொங்குகிறது. எழுத்து வந்தால் கீழே உள்ள கேள்விக்குப் போங்கள். ஓல்ட், பேக், ஸிப், கிட் எல்லாவற்றையும் இப்படியே தட்டிப் பாருங்கள். கிட் ஃபோல்டருக்கு அதற்குள் இருக்கிற ஹெட் என்ற ஃபைலைக் கேட்க வேண்டும், வெறும் ஃபோல்டரைக் கேட்டால் 403 காட்டி ஏமாற்றும்.

ஏற்கெனவே வெளியே தெரிந்திருக்கிறது. இப்போது என்ன?

முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். ஃபைலை நகர்த்துவது அப்புறம். நகர்த்திவிட்டு "அப்பாடா" என்று உட்கார்ந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன், எடுத்துப் போனவனிடம் சாவி இன்னும் செல்லும். டேட்டாபேஸ், மின்னஞ்சல், கட்டணச் சாவி, வேர்ட்பிரஸ் சால்ட், அந்த ஃபைலில் இருந்த ஒவ்வொன்றையும் மாற்ற வேண்டும். அதே பாஸ்வேர்டை சிபேனலுக்கும் வைத்திருந்தால் (வைத்திருப்பீர்கள்) அதையும். கிட்ஹப்பில் பொதுவில் ஏற்றியிருந்தால், ஃபைலை அழித்து மறுபடி ஏற்றினாலும் பழைய வரலாற்றில் அது அப்படியே இருக்கும். அங்கேயும் மருந்து சாவியை மாற்றுவதுதான்.

பிறகு அக்சஸ் பதிவில் அந்த ஃபைல் பெயரைத் தேடி, யாருக்காவது 200 என்ற விடை போயிருக்கிறதா என்று பாருங்கள். 200 என்றால் கொடுத்தாயிற்று என்று அர்த்தம்.

வியாபாரம் செய்கிறவர்களுக்கு ஒரு சட்ட விஷயம். வாடிக்கையாளர் விவரங்கள் அந்த டேட்டாபேஸில் இருந்தால் 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உங்களையும் தொடும். 2025 ஜூன் 1 முதல், குறிப்பிடத்தக்க பாதிப்பைத் தரக்கூடிய கசிவு என்றால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும், தவறினால் 2,50,000 வெள்ளி வரை அபராதமோ சிறையோ உண்டு. கேட்டரிங் செய்கிற அக்கா ஒருவர் இதைக் கேட்டுவிட்டு "ஆர்டர் நோட்டே போதும் தம்பி" என்றார். நோட்டும் தொலையும், அக்கா. உதவி தேவை என்றால் சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999-க்குப் புகார் அனுப்பலாம்.

வெளியே வைத்துவிட்டேன். இனிக் கவலை இல்லைதானே?

ஒரு கவலை தீர்ந்தது. உங்கள் நிரலிலேயே ஓட்டை இருந்தால், உதாரணமாக எந்தப் படத்தைக் காட்ட வேண்டும் என்று முகவரியில் வருகிற பெயரைச் சரிபார்க்காமல் அப்படியே திறந்து கொடுக்கிற பக்கம் இருந்தால், வெளியாள் அதே பக்கத்தை ஏவி "ரெண்டு படி மேலே போய் அந்தத் தனி ஃபோல்டரில் இருப்பதை எடுத்து வா" என்பான். கடைக்காரரே கல்லாவைத் தூக்கி வந்து கொடுத்த கதை. பழைய பிளகின்களில் இந்த ஓட்டை நிறைய, அதனால் அப்டேட் செய்யுங்கள். சோதனைக்காகப் போட்ட பிஎச்பி இன்ஃபோ பக்கத்தையும் அழித்துவிடுங்கள், சூழல் மாறிகளில் பாஸ்வேர்ட் வைத்திருந்தால் அது எல்லாவற்றையும் அட்டவணை போட்டுக் காட்டும்.

என் ஹோஸ்டிங்கில் பப்ளிக் ஃபோல்டருக்கு வெளியே எதையும் வைக்க விடவில்லையே?

எஃப்டிபியில் (ஃபைல்களை ஹோஸ்டிங்குக்கு ஏற்றுகிற வழி) நுழைந்ததும் நேராகப் பப்ளிக் ஃபோல்டரில் விழுகிறீர்களா என்று முதலில் பாருங்கள், பல நேரம் அந்த எஃப்டிபி கணக்குக்கு மட்டும்தான் அந்தக் கட்டு, முதன்மைக் கணக்கில் நுழைந்தால் வீடு முழுக்கத் தெரியும். உண்மையிலேயே இல்லை என்றால் கான்ஃபிக்கைக் கண்டிப்பாக பிஎச்பி ஃபைலாகவே வையுங்கள், எழுத்து ஃபைலோ ஐஎன்ஐயோ வேண்டாம். அதற்கென்று ஒரு ஃபோல்டர் செய்து, அதில் யார் கேட்டாலும் மறுத்துவிடு என்று சொல்கிற எச்டிஅக்சஸ் ஒன்றைப் போடுங்கள். வருடச் சந்தா முடியும் தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள், அன்றைக்கு வேறு ஹோஸ்டிங் பார்க்கலாம். மாற்றும்போது எச்டிஅக்சஸையும் எடுத்துப் போங்கள், புது இடத்தில் 404 வருகிறதா என்று மறுபடி தட்டிப் பாருங்கள்.